காந்தத்தில் ஒட்டாத ஆணி

எலும்புத் தட்டில் கிடந்த திருகாணியைப் பெரியப்பா இடுக்கியால் எடுத்து ஓரமாக வைத்தார்.

“பெட்டியில அடிச்ச ஆணி. தூக்கிப் போடு லா, சுரேந்தர்.”

நேற்று அப்பாவை எரித்தோம். இன்று அஸ்தி பொறுக்க வந்திருந்தோம். சிங்கப்பூர் எரியூட்டகத்தின் இந்த அறையில் ஏர்கான் உண்டு. வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது.

சவப்பெட்டி ஆணிகளைக் காந்தம் வைத்து எடுத்துவிட்டோம் என்று ஊழியர் முன்பே சொல்லியிருந்தார். பெரியப்பா அதைக் காதில் வாங்கவில்லை. நேற்றிலிருந்து கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடியே இருந்தார். தம்பி போன துக்கத்தை அடக்குகிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இடுக்கி தன் மகன் சுரேந்தர் கைக்குத்தான் போக வேண்டும் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார். கொள்ளி வைத்ததும் சுரேந்தர்தான். நான் அப்பாவுக்கு ஒரே பிள்ளை. ஆனால் பெண்.

இறப்புச் சான்றிதழுக்கு நான் வேண்டும். எரியூட்ட மண்டபம் பிடிக்க நான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள், இங்கிலீஷில் பேசிவிடுவேன். நெருப்புக்கும் எலும்புக்கும் நான் வேண்டியதில்லை. ஆம்பளப் பிள்ளை இருக்கும்போது நீ எதுக்கும்மா என்றார் பெரியப்பா நேற்று. வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றும் அப்படி இருக்க எனக்கு உத்தேசமில்லை.

சுரேந்தர் திருகாணியை டிஷ்யூவில் சுற்றினான். குப்பைத்தொட்டி கதவோரம் இருந்தது.

“அது அப்பாவோட பல்லு, பெரியப்பா.”

சுரேந்தர் நின்றுவிட்டான்.

சர்க்கரை நோயில் அப்பாவின் கீழ்ப்பற்கள் எல்லாம் போயின. தாடையெலும்பில் இரண்டு டைட்டேனியம் திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் பல்செட்டை மாட்டினார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆயுளுக்கும் வரும் என்றார் டாக்டர். பிறகு பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கை விழுந்தது.

எங்கள் ஈசூன் வீட்டில், தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் பல்செட்டைக் கழற்றிக் கழுவினேன். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒரு பிரஷ் உண்டு. அதைத் திருகைச் சுற்றி, நாக்குப் பக்கமும் விட்டுத் தேய்க்க வேண்டும். ஈறில் ரத்தம் கண்டால் டாக்டரிடம் ஓட வேண்டும். சொந்தப் பல்லென்றால் வலித்துச் சொல்லும். இது சொல்லாது. சத்தமில்லாமல் எலும்பு கரையும். ஆடும்போதுதான் தெரியும்.

மகள் முன்னால் பொக்கை வாயைக் காட்ட அப்பாவுக்கு வெட்கம். உதட்டை இறுக்கிக்கொண்டார். வாயைத் திறங்க என்று கத்தினேன். திறந்தார். பிறகு தினமும் கத்தாமலே திறந்தார்.

சுரேந்தர் அரை மணி தூரத்தில் இருக்கும் பொங்கோலிலிருந்து தீபாவளிக்கு மட்டும் வருவான்.

இதில் எதையும் அந்த அறையில் சொல்லவில்லை. இன்னொரு திருகு இருக்கும், தாடைப் பக்கம் தேட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன்.

சுரேந்தர் டிஷ்யூவையும் இடுக்கியையும் சேர்த்தே கொடுத்தான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பெரியப்பா ஏதோ சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டார்.

இரண்டாவது திருகு சாம்பலுக்குள் கிடைத்தது. மரைகூடத் தேயவில்லை. எலும்புகளோடு இரண்டையும் கலயத்தில் போட்டேன். பால் ஊற்றினேன். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையைப் போட்டு, சிவப்புத் துணியால் வாயைக் கட்டினேன்.

வெளியே சுரேந்தர் கார் எடுக்கப் போனான். பெரியப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

பல்செட் இல்லாத கீழ் ஈறு வீங்கிப் பழுத்திருந்தது. நடுவில் ஒரு திருகு சாய்ந்து நின்றது.

“எனக்கும் அதே டாக்டர்தாம்மா போட்டாரு. இரும்புக்கு எதுக்குப் பிரஷ்ஷுன்னு விட்டுட்டேன்.” குரல் இறங்கியது. “ஆடுது, நிரஞ்சனா.”

அதான் ஆம்பளப் பிள்ளை இருக்கானே என்றேன்.

அவர் கைக்குட்டையைத் திரும்ப வைக்கவில்லை.

கார் வந்து நின்றது. சுரேந்தர் கண்ணாடியை இறக்கினான். தன் அப்பாவின் வாயைப் பார்த்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

நான் கலயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஃபோன் விளக்கைப் போட்டேன்.

“வாயைத் திறங்க.”