சுவாமிகளின் நேரலைக் கிரிவலம்

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பலராம சுவாமிகளின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றும், அப்புறம் நின்றுவிடும். சுவாமிகள் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தார். அழுத்தமாட்டாரா பின்னே? அவர் பிழைப்பே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

பிழைப்பின் பெயர், 'உங்களுக்காகக் கிரிவலம்'. துபாயிலும் டல்லாஸிலும் இருக்கிற நம்மவர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை வர முடியுமா? அதனால் கட்டணம் கட்டியவர்களின் பெயர், நட்சத்திரம் சொல்லி, அவர்களுக்குப் பதிலாகச் சுவாமிகள் மலையைச் சுற்றுவார். அவர்கள் சோபாவில் சாய்ந்தபடி அதை நேரலையில் பார்த்துப் புண்ணியம் கட்டிக்கொள்வார்கள்.

நேரலையாவது ஒன்றாவது! என்றோ ஒரு நாள், கூட்டமில்லாத சாயங்காலமாகப் பார்த்து, கல்யாண வீடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு, லிங்கத்துக்கு லிங்கம் ஆட்டோவில் போய் இறங்கி எடுத்த படம் அது. மாதாமாதம் அதையே ஓடவிட்டு, பெயர்களை மட்டும் மைக்கில் வாசித்துவிட்டு, செங்கம் ரோடு வாடகை வீட்டில் காலை நீட்டி மிக்சர் சாப்பிடுவார் சுவாமிகள்.

வெளி ஆள் கை படக்கூடாது என்பதற்காகவே, யூடியூப் பார்த்துப் பாகம் பாகமாக வாங்கி அவரே கோத்த கம்ப்யூட்டர் அது. இப்போதும் அவரே முயன்று பார்த்தார். ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, ஊதி மாட்டினார். கேபிள்களைப் பிடுங்கி மறுபடி சொருகினார். பெட்டியின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ம்ஹூம், அசையவில்லை.

"ஏங்க, மானம் போறதுக்குள்ள ஒரு ஆளக் கூப்புடுங்க," என்றாள் மனைவி சரசு.

வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வளவன் வந்தான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா சாமி இது, உள்ள ஒரே விபூதியா இருக்குது?"

"வெள்ளிக்கெழம தவறாம பூசை பண்ணுவேன். தெறந்து உள்ளயும் கொஞ்சம் போட்டுவுடுவேன்," என்றாள் சரசு பெருமையாக.

"அருள் ஜாஸ்தியாயிடுச்சிம்மா. பவர் சப்ளை மூச்சு முட்டி செத்துக் கெடக்குது."

பிரஷ் போட்டுத் துடைத்தான். வேறு பவர் சப்ளை மாட்டினான். திரையில் வெளிச்சம் வந்ததும் சுவாமிகளுக்கு உயிர் வந்தது. ஆனால் உள்ளிருந்து டக்டக் என்று ஒரு சத்தம். வளவன் உதட்டைப் பிதுக்கினான்.

"மிசினு பொழச்சிடுச்சி சாமி. ஹார்ட் டிஸ்க்குதான் போயிடுச்சி. அதுல இன்னா வச்சிருந்தீங்க?"

"பக்தருங்க பேரு... பஜனைப் பாட்டு..."

"குடுங்க, கடைக்கு எடுத்துனு போயி, இன்னா இருக்குதுன்னு பார்த்து எடுத்துத் தரேன்."

'பார்த்து' என்றதும் சுவாமிகள் பெட்டியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். கொடுத்தாலும் வம்பு, கொடுக்காவிட்டால் பௌர்ணமிக்கு ஓட்டப் படம் இல்லை. மனசே இல்லாமல் கொடுத்தார்.

செருப்பை மாட்டும்போது வளவன் திரும்பினான். "எங்க வூடு அடி அண்ணாமலைல, கிரிவலப் பாதை மேலயே இருக்குது சாமி. ஒரு பௌர்ணமிகூட உங்களப் பார்த்ததே இல்லியே?"

"கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டேப்பா," என்றார் சுவாமிகள்.

மறுநாள் அவன் டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவந்தான். "ஒண்ணுமே வரல சாமி," என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு சுவாமிகளுக்குப் பிடிக்கவேயில்லை. பாவி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறான் என்று மனசு அடித்துக்கொண்டது.

வேறு வழியில்லை. பௌர்ணமியன்று, பிழைப்பு தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டரும் சுவாமிகள் நிஜமாகவே நடந்தார். கூட்டம் நெரித்தது. யார் யாரோ காலை மிதித்தார்கள். மேகம் வந்து நிலாவையும் மறைத்துக்கொண்டது. பாதி வழியில் கணுக்கால் பிசகி, மீதியை நொண்டியே முடித்தார். ஆனாலும் சரசுவின் வரவு நோட்டைப் பார்த்து, கட்டணம் கட்டியவர்களில் ஒருவர் பெயரைக்கூட விடாமல் சொன்னார். ஈசான்ய லிங்கத்தின் முன்னால் கும்பிட்டபோது, வாய்விட்டு அழுதேவிட்டார். அந்த அழுகையில் கலப்படமே இல்லை.

அந்த வாரமே, கால் கொப்புளங்களுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது, சைபர் கிரைம் சப்-இன்ஸ்பெக்டர் அருணாதேவி வாசலில் வந்து நின்றார்.

"சாமி, உங்க கிரிவல நேரலை மேல ஒரு புகார் வந்துருக்குது."

வளவன்தான், வேறு யார்! இனி மறைத்தால் இன்னும் பேஜார் என்று சுவாமிகள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம், அந்தப் பையன் சொன்னது அத்தினியும் நெசம். இவ்ளோ நாளா ஓட்டினது ஒரே படந்தான். ஆட்டோல போய் எடுத்தது. எல்லாத்தையும் ஒத்துக்கறேன். ஆனா இந்த மாசம் அண்ணாமலையார் சத்தியமா நடந்தேன் மேடம்! இந்தக் காலப் பாருங்க!"

அருணாதேவி காலைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற சரசுவைப் பார்த்தார். பிறகு நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்தப் பையன் சாமி? புகார் குடுத்தது டல்லாஸ்ல இருக்கற உங்க பக்தருங்க. இத்தினி மாசமா உண்மையா மலை சுத்தின மகான், இந்த மாசம் மட்டும் யாரோ நொண்டி ஆள வச்சி போலி வீடியோ காட்டி ஏமாத்திட்டாருன்னு."