தெருமுனையில் லைட் அடித்தால்

என் கணவர் அலெக்ஸ் இறந்த பிறகு அவருடைய வேனை நான்தான் ஓட்டுகிறேன். எதிரே நின்று பார்த்தால் வண்டியின் முன்பக்கம் அவர் முகமாகவே தெரிந்தது. தாங்க முடியாமல், உடைத்துப் போட்ட வேறொரு வேனின் கிரில், பம்பர், முன்விளக்குகளை வாங்கி மாட்டச் சொன்னேன்.

"வண்டிக்கே தன்னைய அடையாளம் தெரியாதுக்கா" என்று சிரித்தான் மெக்கானிக் சேவுகன்.

மறுநாள் மாலை, கந்தர்வக்கோட்டை தாண்டி, முந்திரித் தோப்பு வளைவில் விளக்குகள் தாமாகவே இரண்டு முறை அடித்தன. சாலையோர வீட்டிலிருந்து ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு இந்த வளைவுல இப்படித்தாங்க லைட் அடிப்பாரு. அவரு போய்ச் சேந்து வருசமாச்சு. இருந்தும் கால் தன்னால ஓடியாந்துருச்சு. இந்தாங்க, நீங்க குடிங்க."

குடித்தேன். அலெக்ஸும் எங்கள் தெருமுனையில் லைட் அடிப்பார். உடனே நான் டீ வைப்பேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"சேவுகா, இந்த லைட்டக் கழட்டு. இது முந்திரித் தோப்பு வளைவு வீட்டுக்காரம்மாவோட புருசன் வண்டி லைட்டு, அவங்களுக்குக் குடுக்கணும். எங்க வீட்டு லைட்டு எங்கிட்டு இருக்கு?"

"அந்தா மூலையில கெடக்கு. மறுபடியும் அந்தக் கெழட்டு மூஞ்சியவா மாட்டச் சொல்றீங்க?"

வயர் எதுவும் இல்லாமல் இரண்டும் சாக்கின் மேல் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் ஓடி வந்து நின்ற வண்டியுடையது போல, கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

அது அவர் வீடு திரும்பும் நேரம்.