வீக்கம் வடியட்டும்

ஆஞ்சப்பன் தர வேண்டியது நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் எட்டணா. அந்தக் கடன் இப்போது ஓசூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூஞ்சி பூசணிக்காயாக வீங்கி, கண் திறக்காமல், வாய் திறக்காமல் மல்லாந்து கிடந்தது.

அத்திப்பள்ளி மைசூர் ராஜ்யம். அங்கே சாராயம் குற்றமில்லை. எல்லையிலுள்ள ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், மதுவிலக்கு. அந்த எல்லைக்கோடுதான் கங்கப்பனுக்குச் சோறு. சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி, சட்டைக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு மிதித்து வருவது ஆஞ்சப்பன் வேலை. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தாலும் காற்றாய்ப் பறப்பான். விற்ற காசைக் கங்கப்பனிடம் கொடுப்பதில்தான் ஆமை.

பாலத்தடியில் சைக்கிளோடு விழுந்துகிடந்த ஆளை யாரோ வண்டிக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகக் கேள்விப்பட்டுக் கங்கப்பன் ஓடினான். வாசலில் ஆஞ்சப்பன் சைக்கிள். கட்டிலில் தலை முழுக்கக் கட்டு. கழற்றிப் போட்ட சட்டையில் சாராய நெடி ஊரைத் தூக்கியது. வேறு யாராக இருக்கும்?

"பேரு ஊரு தெரியாம கெடக்கறாரு. உங்க ஆளா?" என்றாள் நர்ஸ் ஜோதியம்மாள்.

"நம்ம ஆஞ்சப்பன்தாம்மா. எழுதிக்குங்க."

உடைந்த கன்னத்து எலும்புக்கு டாக்டர் ஆபரேஷன் செய்திருந்தார். ஐஸைத் துணியில் சுற்றி, விட்டு விட்டு ஒத்தினால் வீக்கம் வடியும், அப்புறம்தான் பேச்சு என்றார். ஓசூரில் ஏது ஐஸ்? பெங்களூர் பஸ்ஸில் மரத்தூள் மூட்டைக்குள் வைத்துத் தினமும் வரவழைத்தான் கங்கப்பன். கட்டின பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் திரும்பிப் பார்க்காதவன், கட்டிலோரம் உட்கார்ந்து பிள்ளைக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல் ஒத்தினான்.

"ஏன்டா, உன் காலு இவ்ளோ நீளமா? கட்டிலுக்கு வெளிய தொங்குது. அடிபட்டா காலுமா வளரும்?"

"ம்ம்."

"பழைய பாக்கிய வெச்சாத்தான் சரக்குங்கறா அத்திப்பள்ளி கெம்பம்மா. ஜூஜுவாடிப் புளியந்தோப்புல பொதச்ச டியூபுங்கதான் மிச்சம். அதுவும் தீந்தா என் பொழப்பு நாறிடும். காச எங்கடா வெச்ச?"

"ம்ம்."

"சரி, மொதல்ல வீக்கம் வடியட்டும்."

வடிந்தது. ஒருநாள் காலை இரண்டு கண்ணும் திறந்து கங்கப்பனைப் பார்த்தன. இரண்டும் பளிச்சென்று இருந்தன. எதிலும் பூவைக் காணோம். கங்கப்பன் கையிலிருந்த ஐஸ் நழுவியது.

"யா... யாருப்பா நீ?" என்றான் கங்கப்பன்.

"பாலத்துல ஆஞ்சப்பன் மேல பாஞ்சேன், ரெண்டு பேரும் சைக்கிளோட கீழ விழுந்தோம். டியூபு வெடிச்சு என் சட்டையெல்லாம் சாராயம். அவன் சைக்கிளப் போட்டுட்டு ஓடிட்டான். பேச்சு எனக்கு முந்தாநாளே வந்துருச்சு. ஐஸு சுகமா இருந்துச்சு, உன் கத அதவிடச் சுகம். அதான் வாயத் தெறக்கல."

கங்கப்பன் கதவுப் பக்கம் பார்த்தான். அதற்குள் அவன் மணிக்கட்டை ஜில்லென்று ஒரு கை பிடித்திருந்தது.

"ஆஞ்சப்பன் கடன இதோட தலமுழுகிடு. ஐஸ் காச மட்டும் என்கூட ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்க. மதுவிலக்குப் போலீஸ் ஏட்டு மஃப்டியில இருந்தாலும், ஓசியில ஐஸ் வெச்சுக்கிட்டா அது லஞ்சமாயிடும்."