கீறல் சார்

“பெல்ட்டெல்லாம் வேணாம்யா, கோட்டு கசங்கிடும்.”

சூப்பர்வைசர் நீட்டிய பாதுகாப்பு பெல்ட்டை மேலாளர் இரண்டு விரலால் ஒதுக்கித் தள்ளினார். எண்ணெய்த் தொட்டியின் உச்சியில் நின்று அவர் படம் எடுத்துக்கொள்ளப் போகிறார். ஆலையின் பாதுகாப்புக்கே பொறுப்பாளர் அவர்தான். ஆனால் உபதேசம் ஊருக்குத்தானே!

விபத்தே நடக்காத ஆலை என்று அவருடைய ஆலைக்கு விருது கிடைத்திருந்தது. படம் இன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அடுத்தது தலைமை அலுவலகத்தில் பெரிய நாற்காலிதான் என்று காற்றுவாக்கில் ஒரு பேச்சு. அதிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கீறல் சார்’. துருப்பிடித்த தொட்டிகளின் தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளப்பதுதான் சூப்பர்வைசரின் ஒப்பந்த ஆட்களுக்கு வேலை. அவர்களிடம் மேலாளர் ஒருநாளும் தகட்டைப் பற்றி விசாரித்ததில்லை. “எவனுக்காவது கீறல் பட்டுச்சா?” இதைத்தான் கேட்பார்.

அளக்கும்போது தொட்டிக் கூரைமேல் நடக்கப் பலகை போட்டுக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். ‘கவனமாக நடப்பீர்’ என்று ஒரு சுவரொட்டி அடித்துக் கொடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் ஒருவன் ஏணியில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டபோது, மருந்துப் பெட்டி வந்து சேருவதற்குள் அவனுக்கு வாசலைக் காட்டிவிட்டார். இன்னொருவன் சிராய்த்துக்கொண்டால் மொத்தக் கூட்டத்துக்கும் அதே வாசல்தான் என்று எச்சரிக்கை வேறு. அதற்குப் பிறகு ஒருவனுக்கும் ஒரு கீறலும் இல்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

“படத்தைக் கீழேயே எடுத்துக்கலாமே சார்,” என்றார் சூப்பர்வைசர். “மேல வெயிலு. தகடு கொதிக்கும்.”

“உன் ஆளுங்க அந்த வெயில்லதானே அளக்கிறாங்க? அவங்களுக்குச் சுடாதது எனக்குச் சுட்டுடுமா?”

சூப்பர்வைசர் பெல்ட்டை மறுபடியும் நீட்டினார்.

“நீயும் மேல வா. உன் மூஞ்சியும் படத்துல வரட்டும்.”

“எனக்கு முட்டி வலி சார்.”

“பயந்தாங்கொள்ளி!”

வாயால் திட்டினாலும் இந்த ஆட்கள்மேல் மேலாளருக்கு உள்ளூரத் திருப்திதான். வரிசையாக நின்றவர்களின் கையுறைகள் கடையிலிருந்து வந்த வெள்ளை கொஞ்சமும் மாறாமல் இருந்தன. “பாத்தியாடா, சுத்தம்னா இப்படி இருக்கணும்,” என்று பக்கத்தில் நின்ற மச்சினனிடம் பெருமையடித்துக்கொண்டார்.

மச்சினன்தான் இன்றைக்குப் புகைப்படக்காரன். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் மேலாளர் ஆலைக்குள் செருகிவிட்ட பிள்ளை. கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த அலுவலக மொட்டைமாடிக்கு ஓடினான்.

மேலாளர் தொட்டியைச் சுற்றிப்போகும் இரும்புப் படிகளில் ஏறினார். பாதியிலேயே மூச்சு வாங்கியது. கீழே ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் வீறாப்பாக மேலே போய்ச் சேர்ந்தார். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் கூரைத் தகடு வட்டமாக விரிந்து கிடந்தது.

“அத்தான், கம்பி மறைக்குது! நடுவுல போங்க!” எதிர்மாடியிலிருந்து மச்சினன் கத்தினான்.

மேலாளர் கம்பியைத் தாண்டி உள்ளே நடந்தார்.

“சார், ஓரமாவே நில்லுங்க சார்!” கையிலிருந்த வாக்கி-டாக்கி அலறியது. கீழே சூப்பர்வைசர்.

“சும்மா இருய்யா. தகடு ஆறு மில்லி கனம்னு நீதானே முந்தாநாள் சொன்ன? போன வருஷமும் ஆறு, அதுக்கு முன்னாடியும் ஆறு. துருவே எனக்குப் பயந்துக்கிட்டு கெடக்குது. நீ வேற!”

“இன்னும் கொஞ்சம் பின்னாடி அத்தான்... அங்கதான்... சிரிங்க!”

பின்னால் வைத்த கால் மெத்தையில் வைத்ததுபோல் அமுங்கியது. காலடியில் தகடு ‘கிர்ர்’ என்று முனகியது. மேலாளர் அவசரமாகக் காலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். அங்கே இன்னும் அதிகமாக அமுங்கியது.

தொட்டிக்குள் எண்ணெய் எவ்வளவு ஆழம் என்று அவருக்குத் தெரியும். தனக்கு நீச்சல் தெரியாது என்பதும் தெரியும். விருது, பெரிய நாற்காலி எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோயின. எப்படியாவது உயிரோடு அந்தக் கம்பியைப் போய்ப் பிடித்தால் போதும் என்று இருந்தது.

“யோவ்... இது ஆறு மில்லிதானே?”



“அத்தான், ஏன் அழுவற மாதிரி நிக்கிறீங்க? சிரிங்க!”

“வாயை மூடுடா!” மேலாளர் வாக்கி-டாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “சொல்லுய்யா, எந்த இடம் கெட்டியா இருக்கு? எங்க கால வச்சா தாங்கும்?”

“அசையாதீங்க சார். அப்படியே படுத்துக்கங்க. கயிறு எடுத்தாரச் சொல்லியிருக்கேன்.”

“கயிறு வர்ற வரைக்கும் இது தாங்காதுய்யா! உன் ஆளுங்க எந்தப் பக்கமா நடப்பாங்க? அத மட்டும் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

சூப்பர்வைசரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“இந்த மூணு வருஷத்துல அங்க கால் வச்ச மொத ஆளே நீங்கதான் சார்.”