பேட்டரி இல்லாத பெட்டி

"என்ன மச்சான், இந்தக் குளிருல ஒங்களுக்கு இப்படி வேர்க்குது?"

சின்னத்தம்பி கேட்டதும் கந்தப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தை மாதத்துக் காலை. பொகவந்தலாவை மலையில் தேயிலைத் தளிரெல்லாம் உறைபனி பட்டுக் கருகிக் கிடந்தன. வேர்க்கிற நாளே இல்லை.

"மெதுவா பேசு மாப்ளே. தொரயோட அந்தப் பெட்டி இருக்கே, அதுக்குள்ள பேட்டரி இல்ல."

"என்னது?"

"நாந்தான் எடுத்துட்டேன்."

சின்னத்தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் துரை பங்களாவில் தோட்டக்காரன். கந்தப்பன் அதே பங்களாவில் சமையல்காரன். சின்னத்தம்பியின் தங்கை வீரம்மாவைக் கட்டியவன்.

குளிர்காலம் வந்துவிட்டால் தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய துரைக்குப் பொம்மை விமானப் பைத்தியம் பிடித்துவிடும். கவ்வாத்து வெட்டி மொட்டையாகக் கிடக்கிற மலையாகப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கயிறு கிடையாது, கம்பி கிடையாது. பெட்டியிலுள்ள பொத்தானை அமுக்கினால் ஆகாயத்தில் விமானம் திரும்பும். துரைமார் கிளப்பில் இதற்கென்று ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு. வருஷா வருஷம் அதை இவர்தான் தட்டிக்கொண்டு வருவார். லிந்துலைத் தோட்டத்துத் துரை எத்தனை விமானம் வாங்கினாலும் எல்லாம் மரத்தில் முட்டிச் சிதறும். மனுஷன் இன்றையப் போட்டியிலும் ஒன்றை உடைத்துவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரி ஒந்தங்கச்சிக்கு வலி கண்டுருச்சுல்ல. மருத்துவச்சியக் கூப்பிடணும்னா சிறுத்தை திரியிற பாதை. என் டோர்ச்சுல பேட்டரி செத்துப்போச்சு. பெட்டியத் தொடைக்கிறப்ப பாத்திருக்கேன், அதே சைசு. விடிஞ்சதும் திருப்பிப் போட்டுறலாம்னு எடுத்தேன்."

"போட வேண்டியதுதானே?"

"புள்ள பொறந்ததும் மருத்துவச்சி டோர்ச்சோட வீட்டுக்குப் போயிட்டாளே! ஆளனுப்பி வாங்குறதுக்குள்ள தொரமாரு வந்துட்டாங்க."

"தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சாமான்ல கை வச்சேன்னு சொல்லவா? வேல போச்சுன்னு பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டே வெரட்டிருவாரு. பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு எந்தத் தோட்டத்துல போயி நிக்கிறது?"

துரை பெட்டியைக் கையில் எடுத்தார். கனம் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று கந்தப்பனுக்கு உயிரே இல்லை. துரை அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. குளிர் தாங்காத அவர் மனைவி, துரைசாணி, மடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தார்.

எஞ்சின் கிர்ரென்று கத்திற்று. விமானம் வண்டிப் பாதையில் ஓடி, எழும்பிப் பறந்தது.

"பறக்குதே மச்சான்!"

"எஞ்சின் தனிடா. பறக்கத்தான் செய்யும். திருப்புறதுக்கும் எறக்குறதுக்குந்தான் பெட்டி வேணும்."

விமானம் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. துரை மற்றத் துரைமாரைப் பார்த்துத் தம் வழக்கமான பெரிய குரலில் இங்கிலீஷில் சொன்னார். பங்களாவில் இத்தனை காலம் தட்டுக் கழுவிய கந்தப்பனுக்கு அது நன்றாகவே புரிந்தது: "அதோ அந்த லயத்துக் கூரையை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவருகிறேன், பாருங்கள்!"

 அந்தத் தொழிலாளர் லயத்து வரிசையில் கடைசிக் காம்பிராதான் கந்தப்பனின் வீடு. இந்நேரம் வாசலில் பிள்ளையை இளவெயிலில் காட்டிக்கொண்டிருப்பார்கள். இரும்பு மூக்கும் சுழல்கிற விசிறியுமாக அது நேரே அங்கேதான் போகிறது. திருப்ப ஆளில்லை.

சின்னத்தம்பிக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் கந்தப்பன் கையை இறுக்கிப் பிடித்தான். "காத்துல வெலகிப் போயிரும் மச்சான். வாயத் தொறந்தீங்கன்னா வேல போயிரும்."

"போனாப் போவுது, விடுறா!"

கந்தப்பன் ஓடிப்போய்த் துரை காலடியில் விழுந்தான். "தொரைங்களே, அந்தப் பெட்டியில பேட்டரி இல்லீங்க! நாந்தான் எடுத்தேன்! அதத் திருப்ப ஒங்களால முடியாதுங்க! எம்புள்ள அங்க இருக்குதுங்க!"

துரையின் சிவந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "வாயை மூடு! பங்களாவுக்குப் போ!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்திக் கந்தப்பன் கேட்டதே இல்லை. வேலை போய்விட்டது என்று அப்போதே முடிவு செய்துகொண்டான்.

தோட்டத்துத் துரைமார் எல்லாருக்கும் தமிழ் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. லிந்துலைத் துரை ஒரே எட்டில் வந்து பெட்டியைப் பிடுங்கி, மூடியைத் திறந்தார்.

உள்ளே காலி.

"ஐயோ, போச்சே!" கந்தப்பன் தலையில் அடித்துக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பினான். அடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கூரையை நெருங்கிய விமானம் அழகாக வளைந்து, லயத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"முனியாண்டி!" சின்னத்தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

 லிந்துலைத் துரை காலிப் பெட்டியைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். பெரிய துரை மட்டும் எதையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

விமானம் எல்லாரையும் தாண்டிப் போய்க் காருக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. அங்கே கம்பளி நழுவிக் கீழே விழுந்தது கூடத் தெரியாமல், வானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், மடியிலிருந்த இன்னொரு பெட்டியின் பொத்தானை அமுக்கி அதை இறக்கிக்கொண்டிருந்தார் துரைசாணி.