கைராசி

"ஜன்னலைச் சாத்தினியா?" என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்தபடி கேட்டான் ஏணி.

"சாத்தியாச்சு. ஆடாம படுங்க."

குப்புறப் படுத்திருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே சுருக்கென்றது, அவ்வளவுதான். மனைவி பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டு, ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவள். ஊசி பிடிப்பதும் கரண்டி பிடிப்பதும் அவளுக்கு ஒன்றுதான்.

"ஜிம் மாஸ்டர் எப்படிப் பயமுறுத்தினான் தெரியுமா? எண்ணெயில கலந்த மருந்து, கெட்டியா இறங்கும், ரெண்டு நாளைக்கு உட்காரவே முடியாதுன்னான். உன் கைராசி பாரு, தண்ணி மாதிரி இறங்குது."

அவள் கை கழுவப் போனாள்.

கம்பெனி வாலிபால் அணியில் அவனுக்கு ஏணி என்று பேர். வலைக்கு மேலே எம்பி அவன் அடிக்கிற அடிக்காகத்தான் கம்பெனி அவனுக்கு ஸ்டோர்ஸில் ஒரு நாற்காலியும் குடியிருக்க ஒரு வீடும் கொடுத்திருந்தது. அந்த வலது தோளில்தான் தசைநார் கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது, ஏணியால் தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை.

"தசைநார் ஒட்ட நாளாகும், அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். "சீசனுக்குள்ள வந்துடு, இல்லேன்னா மேலிடத்துல உனக்காக என்னால பேச முடியாது" என்றார் கோச்.

இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தவனிடம்தான் ஜிம் மாஸ்டர் அந்தக் குப்பியை நீட்டினான். தசையை ஏற்றுகிற ஸ்டீராய்டு. மனைவி மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "நீ போடலேன்னா நான் அவன்கிட்டயே போட்டுக்கறேன்" என்று இவன் செருப்பை மாட்டியதும்தான், "குப்பியை இப்படிக் கொடுங்க" என்று கை நீட்டினாள்.

ஒரு நிபந்தனையும் போட்டாள். டாக்டர் சொன்ன பயிற்சியை ஒரு வேளை விட்டாலும் ஊசி கிடையாது. கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி, அவன் முனகிக்கொண்டே இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

ஊசி வேலை செய்தது. கை தோள் மட்டத்துக்கு வந்தது, காதுக்கு வந்தது, ஒருநாள் அலமாரி உச்சியில் இருந்த பெட்டியைத் தொட்டது. "மருந்துன்னா இதுதான் மருந்து. அந்த டாக்டர் சும்மா கதை விட்டிருக்கார்" என்று கண்ணாடி முன்னால் நின்று புஜத்தைத் தட்டிக்கொண்டான்.

மைதானத்துக்குத் திரும்பி, பந்து பழையபடி சுளீரென்று விழ ஆரம்பித்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர். ஊக்கமருந்து சோதனை.

"நீங்க கொஞ்சம் வாங்க சார்" என்று ஏணியைத்தான் கூப்பிட்டார்கள். கழிவறைக் கதவைக்கூடச் சாத்த விடாமல், ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பாட்டில் நிறைந்து மூடி இறுகியது.

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டம் போச்சு, வேலை போச்சு, வீடு போச்சு. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவன் அடக்கவும் இல்லை.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே வழிதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது, வலிக்குப் போடற ஊசின்னு சொல்லி நீயாத்தான் போட்டேன்னு சொல்லிடு. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவ, நம்புவாங்க."

"அப்புறம் என் வேலை?"

"இந்தப் பல் டாக்டர் இல்லேன்னா இன்னொரு பல் டாக்டர். இந்தத் தோளை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?"

அவள் கையை உருவிக்கொண்டு எழுந்தாள். "சரி, சொல்லிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.

முடிவு வரும்வரை ஏணிக்குச் சோறு இறங்கவில்லை. போன் மணி அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. "எங்கே, இன்னொரு தடவை சொல்லு, பார்ப்போம்" என்று மனைவியை நிறுத்தி நிறுத்திக் கேட்டான். "வலி ஊசின்னு சொல்லி நான்தான் போட்டேன், அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவளும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அலுக்காமல் ஒப்பித்தாள்.

கடைசியில் கோச்சே கூப்பிட்டார்.

"முடிவு வந்தாச்சு ஏணி. சுத்தமா இருக்கே, ஒண்ணுமே இல்லை. நாளைக்கு ஆட்டத்துல நீ இறங்கறே."

ஏணி போனை வைத்துவிட்டுப் பேயறைந்தவன் மாதிரி நின்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே இல்லையாம். அத்தனை ஊசி போட்டியே, அதெல்லாம் எங்கே போச்சு?"

அவள் அவனுடைய பனியனை நீவி மடித்து அடுக்கின் மேலே வைத்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க, தண்ணி மாதிரி இறங்குதுன்னு."