கொளுக்கி

விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த படகில் இருந்தவர்கள்: நோர்வேயில் படகோட்டப் பழகி லைசென்ஸ் எடுத்த நகுலேஸ். அவன் மனைவி வதனி. நகுலேஸின் பழைய சிநேகிதன் குகபாலன். குகபாலனின் மனைவியான அவள்.

காலையில் ஐந்தாவதாக ஒருவன்.

நீந்திவிட்டு ஏறுவதற்காகப் பின்பக்கம் இறக்கிவைத்த ஏணியைப் பிடித்தபடி தண்ணீரில் கிடந்தான். ஒரு காலில் மட்டும் சப்பாத்து. விரல்கள் ஊறி வெளிறியிருந்தன. தொட்டால் தோல் கையோடு வரும் போலிருந்தது.

செப்டெம்பர். தீவின் சரிவில் ஆளில்லை. எதிரே துருக்கிக் கரை, துடைத்து வைத்ததுபோல.

"குகன், உன்ர லொறிக்காரன் வந்திட்டான்" என்றான் நகுலேஸ்.

குகபாலன் சிரிக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவள் பிறகு கூசினாள்.

லொறியில் ஒளிந்து எல்லை கடந்த தன் கதையைக் குகபாலன் நேற்று மாலையும் சொல்லியிருந்தான். மீன் பெட்டிகளுக்குப் பின்னால் இருட்டு. குளிர். பக்கத்தில் இருந்தவனின் வாந்தி. பிறகு வெளியே கதவின் கொளுக்கி விழும் சத்தம். அந்த இடத்தில் நிறுத்துவான். மேசையில் விரல் முட்டியால் ஒரு தட்டு.

டொக்.

வதனி அழுதாள். எல்லா விருந்திலும் யாராவது அழுவார்கள். அவளும் ஒருகாலத்தில் அழுதவள்தான். அந்தக் கதைக்குத்தான் குகபாலனைக் கட்டினாள்.

வந்தவனை வெறும் பலகையில் இருத்தினார்கள். மெத்தைகளை வதனி இழுத்துக்கொண்டாள்.

"குஷன் ஊறினா மணக்கும், அக்கா."

அலமாரியில் கிளாஸ்கள் வரிசையாக இருந்தன. வதனி பேப்பர் கப் தேடினாள். வெகுநேரம் தேடினாள். அவன் குடித்து முடித்ததும், கப்பை இரண்டு விரலால் எடுத்துக் குப்பைப் பையில் போட்டாள்.

ஊரில் வதனியின் வீட்டுக் கிணற்றடியில், சாதி குறைந்தவர்கள் தண்ணீர் குடிக்கவென்று ஒரு தனிப் பேணி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு அது ஞாபகம் வந்தது.

நேற்றைய சோறு, மீன்குழம்பு. அவன் இரண்டு கையாலும் தின்றான். முள்ளையும் விழுங்கினான். நடுவே தன் நெஞ்சைத் தொட்டு "ஏதென்ஸ்" என்றான்.

"ஏதென்ஸ், ஏதென்ஸ்" என்று நகுலேஸ் தலையாட்டினான். பிறகு தமிழில், அதே சிரிப்போடு, "ஏத்தினா ஆள்கடத்தல் கேஸ் மச்சான். படகு என்ர பேரில" என்றான்.

குகபாலன் விசாரணையைத் தொடங்கினான். எந்த ஊர்? யாரோடு வந்தாய்? மற்றவர்கள் எங்கே? பாஸ்போர்ட்?

அவன் வெறும் கையை விரித்தான்.

"எறிஞ்சிருப்பான். பொய்க்காரர், இவங்கள்."

குகபாலன் தன்னுடையதை, லொறி ஏறுவதற்கு முன், வழியில் இறங்கிய விமான நிலையக் கக்கூசில் கிழித்துப் போட்டவன். கேள்விகளும் அகதி விசாரணையில் அவனிடம் கேட்கப்பட்டவைதான். அதே ஒழுங்கில். கேட்டுவிட்டு முகத்தையே பார்க்கும் அந்தப் பார்வைகூட.

குகபாலனின் காது மடிப்பில் வெயில் கிரீம் திரண்டிருந்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள். வேறு பக்கத்தில் நேற்றுத் தின்ற கணவாயின் மிச்சம், எண்ணெய் உறைந்து, ஈ மொய்த்து.

நகுலேஸ் முன்பக்கம் போய் போனில் பேசினான். திரும்பி வந்து, "பொலிஸ் வெளிக்கிட்டிட்டுதாம்" என்றான்.

"அவங்கட படகைக் கண்டா இவன் குதிப்பான்" என்றான் குகபாலன்.

"செத்தா எங்கட தலையில."

"சாப்பிட்டு முடிக்கட்டும். கீழ விட்டுப் பூட்டுவம்."

வதனி அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அவள், "குகன், வேண்டாம்" என்றாள். சின்னக் குரல். காற்றில்லை, எல்லோருக்கும் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

குகபாலன் அவனுக்கு நேரே குந்தினான். முகம் கழுவுவதுபோலக் காட்டினான். கன்னத்தில் கை வைத்து, கண் மூடி, தூங்குவதுபோலக் காட்டினான். கீழே கையை நீட்டினான். நன்றாகச் செய்தான்.

அவன் எழுந்து குகபாலனின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றினான். படியிறங்கிக் கீழே போனான்.

குகபாலன் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

கீழ் அறைக்கு ஒரு பலகைக் கதவு. வெளிப்பக்கம் கொளுக்கியும் பூட்டும். படகை விட்டுக் கரைக்குப் போகும்போது மட்டும் பூட்டுவார்கள். இன்னொரு வழி, முன்பக்கக் கூரையில் இருக்கும் மூடி. நகுலேஸ் போய் அதன்மேல் உட்கார்ந்தான். கால்மேல் கால் போட்டு.

அவள் ஒரு துவாயை எடுத்தாள்.

"குடுத்திட்டு டக்கெண்டு மேல வாரும்" என்றான் குகபாலன்.

அவள் இறங்கினாள். கீழே டீசலும் மூத்திரமும் சேர்ந்த வாடை. அவன் அவர்களுடைய கட்டிலில் ஏறவில்லை. தரையில் சுருண்டிருந்தான். ஏற்கெனவே தூங்கியிருந்தான்.

துவாயை அவன்மேல் போட்டாள்.

கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"வாரும் எண்டு சொல்றன்."

அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிரே அவன் முகம் தெரியவில்லை. கையில் பூட்டு தெரிந்தது.

"என்ன விசர்க்கூத்து இது? எழும்பும்."

அவள் எழும்பவில்லை.

"நீங்கள் பூட்டுங்கோ" என்றாள்.

தூரத்தில் ஒரு எஞ்சின். கிட்ட வந்தது.

"அக்கா, வாங்கோ" என்று எங்கிருந்தோ வதனி.

கதவு சாத்தப்பட்டது.

இருட்டு. கதவின் கீழ் இடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். அதில் குகபாலனின் இரண்டு பாதங்கள். அசையவில்லை. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபக்கமும் திரும்பக்கூடிய பாதங்கள்தான்.

பின்னால், தூக்கத்தில், அவன் ஒருமுறை விக்கினான்.

டொக்.

பிறகு சாவி திரும்பியது.